முற்றத்தில் எத்தனை சேவல்?

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் சென்ற ஆண்டு தை மாதம் பன்னிரண்டு கோழிகள் இருந்தன. எட்டுப் பெட்டைகள், நான்கு சேவல்கள். பெட்டைகளில் மூன்றுக்கு முதுகில் இறகே இல்லை. ஒன்றுக்கு இறக்கையின் அடியில் விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தோம். நான்காம் நாள் காலை அது விறைத்துக் கிடந்தது. நாயோ கீரியோ செய்த வேலையல்ல. எங்கள் முற்றத்துச் சேவல்களே செய்த வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வளப் பங்கீடு பற்றி வகுப்பெடுத்தவனிடம் என் மனைவி கேட்டார்: "இதுக்கு உங்க எகனாமிக்ஸ்ல ஒண்ணும் இல்லீங்களா?"

இருக்கிறது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால், அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

புறக்கடைக் கோழி வளர்ப்பு சிறிய விஷயமல்ல. 2019-இல் எடுக்கப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மொத்தம் 85 கோடிக்கும் அதிகமான கோழியினப் பறவைகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 31.7 கோடி வீட்டு முற்றங்களில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 சதவீதம் அதிகம். மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு; 12 கோடிப் பறவைகள். இதில் பெரும்பங்கு நாமக்கல் பண்ணைகளுடையது என்றாலும், முற்றத்துக் கோழி பெண்களின் கையிருப்பு. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் திடீர் மருத்துவச் செலவுக்கும் யாரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடிய பணம். இதை உணர்ந்துதான் 2018-இல் தமிழ்நாடு அரசு, 77,000 கிராமப்புற ஏழைப் பெண்களுக்குத் தலா 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கும் திட்டத்தை அறிவித்தது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஆண், பெண் பிரிக்காத குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவலாக இருக்கும். ஐம்பதில் காகமும் பருந்தும் கழிச்சலும் கொண்டுபோனது போக முப்பத்தாறு மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டுச் சேவல், பதினெட்டுப் பெட்டை. ஆனால், ஒரு முற்றத்துக்குத் தேவைப்படும் விகிதம் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். அதாவது, அந்தப் பெண்ணின் வீட்டில் பதினாறு சேவல்கள் உபரி. நான்காவது மாதத்தில் அந்த உபரிக்கு எந்த ஏற்பாடும் இல்லையெனில், ஆறாவது மாதத்தில் முட்டையிட வேண்டிய பெட்டைகள் முதுகுத்தோல் உரிந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். எங்கள் வீட்டில் நான்கு சேவல்கள் செய்ததை அங்கே பதினெட்டும் செய்யும்.

முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்பது நகரத்தார் பலருக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளில் சேவலின் நிழல்கூட விழுவதில்லை. அடை வைத்துக் குஞ்சு பொரிக்க மட்டுமே சேவல் வேண்டும். அதனால், முட்டைத் தொழிலில் ஆண் குஞ்சு பிறந்த அன்றே செலவுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி ஆண் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். இதைச் சட்டத்தால் தடை செய்த முதல் நாடுகளில் ஒன்று ஜெர்மனி. 2022 ஜனவரி முதல் அங்கே அது குற்றம். நம் ஊரில் அக்குஞ்சுகளுக்கு வேறொரு வழி உண்டு. இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயம் பூசப்பட்டு, கூடையில் கீச்சிட்டபடி திருவிழாக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. பேரப்பிள்ளைகள் அழுது வாங்கும் அந்தக் 'கலர்' குஞ்சுகளில் பெரும்பாலானவை இப்படிக் கழிக்கப்பட்ட ஆண் குஞ்சுகளே. பத்தில் எட்டு ஒரு வாரத்தில் செத்துவிடும் என்பது எங்கள் தெருவின் அனுபவம். தப்பிப் பிழைத்ததுதான் பிற்பாடு குழந்தைகளைத் துரத்தும் சேவலாகிறது. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

கோழிகளின் சமூக வாழ்வை முதலில் முறையாக எழுதியவர் நார்வே நாட்டின் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே. 1894-இல் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். அந்தக் குறிப்புகள்தான் பின்னர் முனைவர் பட்ட ஆய்வாயின, 1922-இல் அச்சேறின. ஒரு முற்றத்துக் கோழிகளிடையே கொத்தும் வரிசை ஒன்று உண்டு. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தலாம், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது என்று அவர் காட்டினார். வரிசை எப்போதும் நேர்க்கோடாக இருப்பதில்லை என்பதையும் அவரே குறித்திருக்கிறார்: செங்கோழி கருங்கோழியைக் கொத்தும், கருங்கோழி புள்ளிக்கோழியைக் கொத்தும், புள்ளிக்கோழியோ செங்கோழியைக் கொத்தும். அலுவலகங்களில் பணியாற்றியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்த வரிசையைக் கொடுமை என்று எண்ணுவது இயல்பு. நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால், வரிசை நிலைபெற்ற முற்றத்தில்தான் சண்டை குறைவு. யார் முதலில் தின்பது என்பது தீர்ந்துவிட்டால், ஒரு முறைப்போ கழுத்தைச் சற்று உயர்த்துவதோ போதும்; அலகு தேவைப்படுவதில்லை. கோழிகள் ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் வைத்து அடையாளம் காண்கின்றன. வரிசை கலையும்போதுதான் இரத்தம் சிந்துகிறது. புதிய கோழி வரும்போது, அடைக்கோழி குஞ்சுகளோடு திரும்பும்போது, தலைமைச் சேவல் திடீரென விற்கப்படும்போது, இளஞ்சேவல்கள் பருவம் எய்தும்போது. பெட்டைகளுக்கு ஒரு வரிசை, சேவல்களுக்குத் தனி வரிசை. முதிர்ந்த சேவல் பொதுவாகப் பெட்டைகளோடு கொத்துச் சண்டைக்குப் போவதில்லை. மாறாக, சேவல் இருக்கும் மந்தையில் பெட்டைகளுக்குள் நடக்கும் சண்டை குறைகிறது என்று சுவீடனில் நடந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

நல்ல சேவல் என்ன செய்யும் என்பதைப் பார்க்க அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். கரையானோ புழுவோ கிடைத்தால் தான் தின்னாது; அலகால் எடுத்தும் போட்டும் 'டுக் டுக்' என்று பெட்டைகளை அழைக்கும். (இரை எதுவும் இல்லாமலே அழைத்து ஏமாற்றும் சேவல்களும் உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெட்டைகள் அதை விரைவில் கண்டுகொள்கின்றன.) வல்லூறு வந்தால் ஒரு குரல், நாய் வந்தால் வேறு குரல். முன்னது மெலிதாக இழுக்கும் ஒலி. பின்னது அடுக்கடுக்கான கொக்கரிப்பு. முதல் குரலுக்குப் பெட்டைகள் புதருக்குள் ஓடும். இரண்டாவதற்கு நிமிர்ந்து நின்று பார்க்கும். ஓர் இறக்கையைத் தரையில் உரசிப் பெட்டையைச் சுற்றி வந்து, அது பணிந்து அமர்ந்தால்தான் ஏறும். இவை எல்லாம் வயதோடும் பெரிய கோழிகளின் கண்டிப்போடும் வரும் பழக்கங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததோ வேறு. நான்கு சேவல்களும் பெட்டைகளில் ஐந்தும் ஒரே ஈட்டில் பொரித்தவை. சேவல் நான்கு மாதத்திலேயே கூவத் தொடங்கிவிடும். பெட்டை பருவமடைய மேலும் ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். இடைப்பட்ட அந்தக் காலம்தான் ஆபத்தானது. ஆட்டம் தெரியாத, அடக்குவார் இல்லாத நான்கு விடலைகள். பருவம் வராத பெட்டைகள். பணிந்து அமராத பெட்டையைத் துரத்திப் பிடித்து, பின்னந்தலையைக் கவ்வி ஏறுவார்கள். ஒன்று இறங்கினால் அடுத்தது. மூத்த தலைமைச் சேவல் இருக்கும் முற்றத்தில் இப்படி மாட்டிக்கொண்ட பெட்டை குரலெழுப்பும். அதைக் கேட்டுத் தலைமைச் சேவல் ஓடிவந்து விடலையை விரட்டும். விருப்பமின்றிப் புணர்ந்த தாழ்நிலைச் சேவலின் விந்தைப் பெட்டை வெளியே தள்ளிவிடுகிறது என்று 2000-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதல் முறை படித்தபோது, நான் ஆய்வுக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு எங்கள் பெட்டைகளைப் போய்ப் பார்த்தேன்.

இன்னொரு காரணம், உருவ வேறுபாடு. நான்கில் இரண்டு பெருவிடை இரத்தம். பெருவிடைச் சேவல் மூன்று, நான்கு கிலோ வளரும். சிறுவிடைப் பெட்டை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். அதன்மேல் இது ஏறினால், நகமும் முள்ளும் பட்ட இடமெல்லாம் கிழியும். கலப்பாக வளர்ப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் கவனித்தாலே பாதிக் காயங்கள் குறையும்.

பெருவிடையை, அதாவது அசில் வகையை, மனிதர் பல நூற்றாண்டுகளாகச் சண்டைக்கென்றே தெரிந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தை அடுத்த விழுப்புரம் பகுதியில் அரசலாபுரம் என்ற ஊரில், சண்டையில் மடிந்த சேவலுக்கு ஒரு நடுகல் இருக்கிறது. சேவலின் உருவம் செதுக்கி, வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. மேற்சேரிக்காரர்களின் சேவல் அது. இந்தளூரில் கீழ்ச்சேரிச் சேவலுக்கும் இதேபோல் ஒரு கல் உண்டு. வென்றதையே இனப்பெருக்கத்துக்கு விட்டு, தோற்றதைக் குழம்பில் போட்டு, பதினைந்து நூற்றாண்டுகள் தேர்வு நடந்தால் கிடைப்பது என்ன? மனிதரிடம் குழந்தைபோல் சாந்தமாகவும் தன்னினத்தைக் கண்டால் தீயாகவும் இருக்கும் பறவை. சில வாரக் குஞ்சிலேயே அவை ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். ஆனால், இரத்தத்தில் ஊறியதைச் சட்டம் அகற்றிவிடாது. அசில் குஞ்சுகளைக் கொடுக்கும் எந்தத் திட்டமும் இந்த வரலாற்றையும் சேர்த்தே கொடுக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு தேர்வும் நடந்திருக்கிறது. பொருளாதாரம் படித்த என்னை அதிகம் சிந்திக்க வைத்தது அதுதான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் என்ற மரபியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். வழக்கமான முறை, அதிகம் முட்டையிடும் தனிக்கோழியைத் தேர்ந்தெடுப்பது. அவர் அப்படிச் செய்யாமல், பல கோழிகள் சேர்ந்து வாழும் கூண்டுகளில் எந்தக் கூண்டு மொத்தமாக நன்றாக இருக்கிறதோ அந்தக் கூண்டு முழுவதையும் தேர்ந்தெடுத்தார். கூட்டுக் கூண்டுகளில் ஆண்டு இறப்பு விகிதம் 68 சதவீதத்திலிருந்து சில தலைமுறைகளிலேயே 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முட்டையும் கூடியது. காரணம் எளிது. தனியாகப் பார்க்கும்போது 'சிறந்த' கோழியாகத் தெரிந்த பல, மற்றவற்றைக் கொத்தி ஒடுக்கித் தம் பங்கை எடுத்துக்கொண்டவை. அவற்றின் உயர்ந்த முட்டைக் கணக்கில் அடுத்த கோழிகளின் இழப்பு மறைந்திருந்தது. ஊக்கத்தொகைக் கொள்கைகள் பற்றி நான் எடுத்த வகுப்புகளில் இந்த எடுத்துக்காட்டு இருந்திருந்தால், கடைசி வரிசை மாணவர்களும் விழித்திருப்பார்கள்.

முற்றம் வைத்திருப்பவர் இதை நேரடியாகப் பயன்படுத்தலாம். அடுத்த ஈட்டுக்கு முட்டை சேர்க்கும்போது, பெரிய கொண்டையும் பளபளப்பும் உடைய சேவலைப் பார்க்காமல், எந்தச் சேவலின் முற்றத்தில் பெட்டைகளின் முதுகு முழுமையாக இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்து ஊர் மூதாட்டி ஒருவர், "சேவலப் பாக்காத சாமி, பொட்டை முதுவப் பாரு" என்று என்னிடம் சொன்னது இதைத்தான். அவர் பர்டியூவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதல் வேலை, மூன்று மாதம் ஆனதும் இளஞ்சேவல்களைத் தனியே பிரிப்பது. பெட்டைகள் கண்ணில் படாதவாறு தட்டி வைத்த தனி அடைப்பில் ஒன்றாக வளர்ந்த சேவல்களை விட்டால், பெரும்பாலும் சண்டையின்றி வளரும். போட்டிக்குரியது கண்முன் இல்லாதபோது போட்டி தணிகிறது. அசில் கலப்புக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றைத் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். ஐந்து, ஆறு மாதத்தில் விற்பனை எடை வந்ததும் விற்றுவிடுவது நல்லது. தீனி தின்று தின்று ஓராண்டு நிற்கும் சேவல், விற்கும் விலையைத் தானே தின்றுவிடும். நான் எங்கள் சேவலை விற்ற அன்று கணக்குப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்பே விற்றிருக்க வேண்டும்.

தீனியை ஓரிடத்தில் கொட்டாதீர்கள். நொய்யோ கம்போ எதுவாயினும் நான்கு இடங்களில் தூவினால், தலைமைக் கோழியால் ஒரே நேரத்தில் நான்கு இடத்தையும் காவல் காக்க முடியாது. ஒரே தட்டில் வைப்பது வரிசையின் மேலிருப்பவருக்கு ஏகபோகத்தை எழுதிக் கொடுப்பதாகும். தண்ணீருக்கும் இதே முறை. முற்றம் வெட்டவெளியாக இருந்தால் துரத்தப்படும் கோழிக்கு ஒளிய இடமில்லை. சுவரில் சாய்த்த ஒரு கீற்றுத் தட்டி, கழித்த முருங்கைக் கிளைக் குவியல், கவிழ்த்த பழைய கூடை ஆகியவை பார்வையை மறைத்தாலே துரத்தல் நின்றுவிடும். மூலை முட்டுச்சந்தாக இருக்கக் கூடாது. இரு பக்கமும் வழி வேண்டும். இரவில் அமரும் கழிகளை ஒரே உயரத்தில் கட்டினால், உச்சிக் கழிக்கு நடக்கும் மாலைச் சண்டை இல்லை.

எந்தக் கோழியைப் பிரிப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். நாங்களும் தவறினோம். அடிபட்டதை எடுத்துத் தனியே வைப்போம். ஆறியதும் திரும்ப விடுவோம். அது புதிய கோழியாகி, மீண்டும் அடிபடும். இரத்தம் இருக்கும்வரை பிரிக்கத்தான் வேண்டும், ஏனெனில் சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தும். ஆனால், காயமில்லாத வெறும் தொல்லை என்றால், தொல்லை தருவதையே நான்கைந்து நாள் தனியே வையுங்கள். திரும்பி வரும்போது அதுதான் அந்நியன். வரிசையில் கீழிறங்கிச் சேரும்.

புதிதாக வாங்கிய கோழியை அன்றே முற்றத்தில் விடுவது இரு வகையில் ஆபத்து. ஒன்று, நோய். சந்தையிலிருந்து வந்த ஒரு கோழி கொண்டுவரும் வெள்ளைக்கழிச்சல் கோடையில் தெருவையே காலி செய்துவிடும். இரண்டு, மூன்று வாரமாவது தள்ளி வைக்க வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கோழிக்கழிச்சலுக்கு இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அதைத் தவற விடக் கூடாது. மற்றொன்று, மேலே சொன்ன வரிசைக் கலைப்பு. தனிமைக் காலம் முடிந்தபின் ஒரு வாரம் கம்பி வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பார்த்துக்கொள்ளட்டும். அதன்பின், ஒன்றாக விடாமல் இரண்டு மூன்றாக, இருட்டிய பிறகு கழியில் ஏற்றிவிடுங்கள். விடிந்து பார்க்கையில் சிறிது சலசலப்பு இருக்கும். அதில் தலையிட வேண்டியதில்லை.

வான்கோழி, கினிக்கோழி, வாத்து எல்லாவற்றையும் ஒரே முற்றத்தில் விட்டு வளர்ப்பது இப்போது எங்கள் பக்கத்துப் புதிய குடியிருப்புகளில் ஒரு மோகம். ஆண் கினிக்கோழி சேவலைவிடக் கெட்டது. சேவலின் முறைப்பும் பணிவும் அதற்குப் புரியாது, துரத்திக்கொண்டே இருக்கும். ஆண் வாத்துக்குப் பெண் வாத்துகள் போதாவிட்டால் பெட்டைக்கோழிகள்மேல் ஏறும். கோழியின் உடலமைப்பு அதற்கு ஏற்றதல்ல, உள்காயம்பட்டு இறக்கும். வான்கோழிக்கோ கோழியின் குடற்புழு வழியாகக் கல்லீரலைத் தாக்கும் நோய் வரும். கோழி தாங்கிக்கொள்வதை வான்கோழி தாங்காது. தனித்தனி அடைப்பு இல்லாதவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

மனிதரைத் தாக்கும் சேவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயக் குஞ்சை அட்டைப்பெட்டியில் தனியாக, குழந்தையின் மடியில் வளர்க்கும்போது, அது மற்றக் கோழிகளைப் பார்ப்பதே இல்லை. மனிதரையே தன் மந்தையாகக் கொள்கிறது. பருவம் வந்ததும் மந்தையில் தன் இடத்தை நிலைநாட்ட யாரிடம் மோதும்? குட்டையாக இருப்பவரிடம்தான். அப்போது ஓடினால் அது வென்றதாக எண்ணிக்கொள்ளும்; உதைத்தால் சவாலை ஏற்றதாக எண்ணும். அசையாமல் நிற்பது, கையில் ஒரு வாளியை இடையே பிடித்துக்கொண்டு மெதுவாக அதன் பக்கமே நடப்பது, அது விலகிய பின் நகர்வது ஆகியவை பல சேவல்களைத் திருத்தியிருக்கின்றன. முள்ளின் நுனியை அரத்தால் மழுக்கிவிடலாம். அடிவரை வெட்டினால் இரத்தம் வரும். இவ்வளவுக்கும் திருந்தாத சேவல் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இருக்கக் கூடாது. கண்ணுக்கு நேரே பாயும் முள்ளோடு சமரசம் இல்லை.

இனி, சுவருக்கு அப்பால் இருப்பவர்கள். வேங்கிக்கால் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். ஆட்சியர் அலுவலகம் வந்தது, மனைகள் வந்தன, திருவண்ணாமலை இன்று மாநகராட்சி. என் முற்றத்துக்கும் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சன்னலுக்கும் இடையே எட்டடி. நான்கு சேவல் இருந்தபோது அந்த வீட்டுக்காரர், மகள் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். முருகனின் கொடியில் இருப்பது சேவல். சேவலுக்கென்றே விருத்தம் பாடிய அருணகிரிநாதரின் ஊர் இது. ஆனாலும், அதிகாலை மூன்றரை மணிக்கு அந்தப் பெண்ணிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

சேவல் ஏன் கூவுகிறது என்பதில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வுகள் தெளிவு தந்தன. மங்கிய ஒளியிலேயே வைத்திருந்தாலும் அது ஏறத்தாழ விடியும் நேரத்துக்குக் கூவுகிறது; உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று 2013-இல் காட்டினார்கள். 2015-இல் இன்னொன்றைக் கண்டார்கள்: முதலில் கூவுவது தலைமைச் சேவல், மற்றவை தகுதி வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். ஆகவே, நான்கு சேவல் என்பது நான்கு மடங்கு ஓசை மட்டுமல்ல. ஒன்றுக்கு மற்றொன்று பதில் சொல்லும் நீண்ட உரையாடல். ஒற்றைச் சேவலாக்கினால் பதில் சொல்ல ஆளில்லை. வெளிச்சமும் அதைத் தூண்டும் என்பதால், பௌர்ணமி கிரிவல இரவுகளில் விடிய விடிய வாகன விளக்குகள் படும் எங்கள் தெருவில், கூண்டுக்குக் கெட்டிச் சாக்குத்திரை போடுவது பயன் தந்தது. முற்றாக நிற்காது, குறையும். கூவும்போது சேவலின் காதுத்துளை தானாகவே பகுதி மூடிக்கொள்வதாக பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டாருக்கு அந்த வசதி இல்லை.

பிரான்சில் இது நீதிமன்றம்வரை போனது. ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் கூவுவதாக, விடுமுறைக்கு வந்து தங்கும் அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். 2019 செப்டம்பரில் சேவலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2021-இல் கிராமப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டமே இயற்றினார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். ஆயினும், கிராமமும் நகரமும் ஒரே சுவரைப் பங்கிடும் வேங்கிக்காலில் சட்டத்தைவிட எண்ணிக்கைதான் உதவும்.

ஒரு தெருவில் பத்து வீடுகள் தலா ஐந்து பெட்டை வளர்க்கின்றன என்றால், பத்துச் சேவல்கள் தேவையில்லை. பெட்டை ஒருமுறை சேவலோடு சேர்ந்தால் பத்து நாளுக்கும் மேலாகக் கருவுள்ள முட்டையிடும். உடலுக்குள் விந்தைச் சேமித்து வைக்கும் அமைப்பு அதற்கு உண்டு. ஆகவே, அடை வைக்க முட்டை சேர்க்கும் வாரத்தில் மட்டும் ஒரு சேவலை இரவல் வாங்கலாம். ஊரில் பழைய தலைமுறை இதைச் செய்தது. கழிச்சல் காலத்தில் மட்டும் இரவல் கூடாது. அரசுத் திட்டங்களிலும் இதே கணக்கைக் கொண்டுவரலாம். ஐம்பது கலப்புக் குஞ்சுக்குப் பதில், இனம் பிரித்த வளர்ந்த பெட்டைகளும், குழுவுக்கு இரண்டு நல்ல சேவல்களும் கொடுப்பது ஒரு வழி. அது இயலாவிட்டால், நான்காவது மாதம் உபரிச் சேவல்களை மகளிர் குழுவே மொத்தமாக எடுத்து விற்க ஏற்பாடு செய்யலாம். தனியாகச் சந்தைக்கு இரண்டு சேவலோடு போகும் பெண்ணுக்கும் நாற்பது சேவலோடு போகும் குழுவுக்கும் வியாபாரி சொல்லும் விலை ஒன்றல்ல. குஞ்சோடு கொடுக்கும் பயிற்சியில் தீனியும் தடுப்பூசியும் இருப்பதுபோல், சேவலை எப்போது பிரிப்பது என்ற ஒரு பக்கமும் இருக்க வேண்டும்.

எங்கள் முற்றத்தில் இப்போது ஒன்பது பெட்டைகள், ஒரு சேவல். நான்கில் இரண்டை விற்றோம். மூன்றாவது, சாந்தமான சிறுவிடை, அதுவே தங்கிவிட்டது. பெட்டைகளின் முதுகில் இறகு முளைக்க இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் தேர்வில் தேறிவிட்டாள். எங்கள் முட்டையில் அவர்களுக்கும் பங்குண்டு.

நான்காவது சேவல்தான் கணக்கில் அடங்கவில்லை. மிக முரடான பெருவிடை அது, குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டது. விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, ஆடி வரை காப்பாற்றியாக வேண்டும். தட்டி மறைத்த தனிக் கூண்டில், தனித் தீனியில், பத்து மாதமாக ஒற்றையாக வளர்கிறது. தினமும் காலையில் என் மனைவிதான் அதற்குக் கம்பு வைக்கிறார். இப்போது அவர் கை பட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. சென்ற வாரம் பூசாரிக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்; சேவலுக்குப் பதிலாக உண்டியலில் பணம் போட்டால் சாமி ஏற்குமா என்று கேட்பது கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது.